எண்பதா, நூற்றிருபதா

எண்பதா, நூற்றிருபதா என்பது மட்டும் முடிவாகிவிட்டால் மீதி வேலை அரை மணி நேரம்தான். அந்த முடிவுதான் வருவேனா என்று அடம்பிடித்தது. நாச்சிமுத்து முன்னறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவரே அறுத்து, ஒட்டி, திருகாணி முடுக்கிய ஊஃபர் பெட்டி. முக்கால் இஞ்ச் பிளைவுட், முகத்தில் பத்து இஞ்ச் ஸ்பீக்கர், அதற்குக் கீழே நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு. அந்தக் குழாய்தான் இந்த மாதிரிப் பெட்டிக்கு உயிர். ஸ்பீக்கரின் கூம்பு பின்பக்கம் தள்ளுகிற காற்று வீணாகாமல் குழாய் வழியாக வெளியே வந்து அதுவும் கூடச் சேர்ந்து முழங்கும். ஒரு இஞ்ச் கூட்டினால் ஒரு குரல், குறைத்தால் ஒரு குரல். அதையெல்லாம் மூன்று ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு அறுத்து அறுத்துச் சரிபண்ணியாகிவிட்டது. இப்போது மடியில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு பச்சை போர்டுகள். பாட்டில் இருக்கிற அடிச்சத்தத்தை மட்டும் பிரித்துப் பெரிய பெட்டிக்கு அனுப்பிவிட்டு, மேலே இருக்கிறதை அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டிகள் இரண்டுக்கும் விட்டுக்கொடுக்கிற ஃபில்டர் போர்டுகள். ஒன்று நொடிக்கு எண்பது அதிர்வில் வெட்டும், மற்றது நூற்றிருபதில். எண்பதில் வெட்டினால் பெரிய பெட்டி சுத்தமாக இருக்கும், ஆனால் சின்னப் பெட்டிகள் அவ்வளவு கீழே இறங்க மாட்டாமல் மூச்சு வாங்கும், நடுவில் ஒரு பள்ளம் விழும். நூற்றிருபதில் வெட்டினால் பள்ளம் மூடிவிடும், ஆனால் பாடுகிற ஆம்பளையின் அடித்தொண்டை பெரிய பெட்டிக்குள் இறங்கிவிடும், அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். பள்ளமா, அண்டாவா. எதுவாயிருந்தால் என்ன என்று உள்ளே ஒன்று சொன்னது. கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் அது இதைத்தான் சொல்கிறது. நிலைக்கதவு ஓரத்தில் சம்பூரணத்தின் காப்பிக்கலர் பை ஜிப் போட்டு நின்றிருந்தது, அதன் மேல் குடை. ஓசூருக்குப் போகிற மூன்றரை மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. மகள் வேலைக்குப் போகிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், போய் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருப்பாளோ என்னவோ.

சொல்லியிருப்பாளோ என்னவோ. அங்கேதான் இடிக்கிறது. சொல்லியிருக்கலாம். அடுப்பங்கரையிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, குக்கரைத் திறந்துகொண்டே சொல்லியிருக்கலாம். அவருக்கு வந்தது ஒரு முனகல் மட்டும், தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி, குரல் இருக்கிறது, சொல் இல்லை. "உம்" என்றார். எல்லாவற்றுக்கும் "உம்"தான். "உம்" போட்டால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும், மீதிப் பாதிக்கு அவள் முகம் சுண்டும், ஏன் சுண்டியது என்று தெரியாது, தெரியாததால் பேசாமல் எழுந்து பெட்டிப் பக்கம் வந்துவிடுவார். இப்படியே எட்டு மாசமா, ஒரு வருஷமா. அவள் தறிக்குடோனுக்கு வருவதை நிறுத்தினதிலிருந்து என்று கணக்கு வைத்தால் போன தைக்கு முந்தி. முட்டிவலி, இனிமேல் நின்று தார்க்குச்சிக்கு நூல் சுற்ற முடியாது என்றாள், சரி வீட்டில் இரு என்றார். அன்றைக்குத்தான் பேச்சு நின்றது, ஆனால் அது அவருக்கு அன்றைக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குடோனில் எட்டுத் தறி. எட்டும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நின்று வெடி வைத்தாலும் கேட்காது, ஆனால் இருபத்தேழு வருஷம் அதற்குள் அவளோடு ஒரு பேச்சுக்கூடத் தவறியதில்லை. அங்கே யாரும் தொண்டையால் பேசுவதில்லை. வாயைத் திறந்து உதட்டை அசைத்தால் போதும், கூட நாலு கைச்சாடை. இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தறியை நிறுத்து. மீசையை முறுக்கிக் காட்டினால் நூல் கொடுக்கிற முதலாளி வந்திருக்கிறார். சம்பூரணம் வெளித் தாழ்வாரத்தில் தார்க்குச்சியில் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டே ஜன்னல் வழியாக அவரோடு ஊர்க்கதை பேசுவாள், மகளுக்கு வந்த வரன் எல்லாம் அங்கேதான் அலசித் தீர்ந்தது, சண்டைகூட அங்கேதான், சத்தமே வராமல் அவள் திட்டுகிற அழகைப் பார்த்து இந்தப் பக்கம் நெய்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் காதில் எப்போதும் பஞ்சு. "நீங்களும் வெச்சுக்குங்க" என்று உதட்டால் சொல்வாள். பஞ்சு வைத்தால் தறி பேசுவது எப்படித் தெரியும் என்று இவர் நெஞ்சை நிமிர்த்துவார். ஊடை நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா தன் தடத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் எட்டுத் தறிச் சத்தத்துக்குள் எந்தத் தறி என்று சொல்கிற காது. சோமனூர் சுற்றுவட்டாரத்தில் அந்தக் காதுக்குப் பெயர் உண்டு. இன்றைக்கு ஞாயிறு, ஒரு தறியும் ஓடவில்லை, ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடிப்பதில்லை. மற்ற நாள் எல்லாருக்கும் கேட்காது, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மட்டும்.

சால்டரிங் அயர்னை ஊதிப் பார்த்தார், இன்னும் சூடு ஏறவில்லை. ட்வீட்டர். எல்லாம் அந்த ட்வீட்டரில் ஆரம்பித்தது. சின்னப் பெட்டிகள் இரண்டிலும் கீச்சுக்குரலுக்கு என்று கட்டைவிரல் அகலத்தில் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும், அது வேலை செய்யவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஜால்ரா இல்லை, சலங்கை இல்லை, பாடுகிறவள் சொல்கிற எழுத்தெல்லாம் மொழுக்கென்று இருக்கிறது. கண்டென்சரை மாற்றினார். வேறு கண்டென்சர் மாற்றினார். ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கடைசிவரை கொண்டுபோனார், அதுவும் போதாமல் ட்வீட்டருக்கு முன்னால் சத்தத்தை மட்டுப்படுத்த இருந்த தடையைப் பிடுங்கிப் போட்டு நேராகக் கம்பி கொடுத்தார். சுமார்தான். சரி, ட்வீட்டரே மட்டம் என்று கழற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி உக்கடம் போனார். கமருதீன் பாய் கடை, பதினைந்து வருஷப் பழக்கம். "உசுரே இல்லாத சரக்கைத் தலையில கட்டிட்டீங்களே பாய்" என்று எடுத்த எடுப்பில் சத்தம் போட்டார். தான் எப்போதும் சத்தமாகவே பேசுவதைக்கூட அன்றைக்குத்தான் கவனித்தார், கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததால். பாய் ட்வீட்டரை வாங்கிக் கண்ணாடி மேஜை மேல் வைத்து இரண்டு கம்பியைத் தொட்டார். டெஸ்ட் வைக்கிற பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினார். நாச்சிமுத்து குனிந்து காதை வைத்தார். ஒன்றுமில்லை. "பாத்தீங்களா" என்று நிமிர்ந்தார். பக்கத்தில் மிக்ஸி ரிப்பேருக்கு வந்து நின்ற பொம்பளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. பாய் கம்பியை எடுத்தார், அந்தப் பொம்பளை கையை இறக்கினாள். பாய் மறுபடி தொட்டார், அவள் மறுபடி பொத்தினாள். சண்டைக்குப் போன மனுஷன் சட்டென்று பெரிய வீட்டுக் கல்யாணத்தில் அழையா விருந்தாளி மாதிரி நின்றார். பாய் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, முகத்துக்கு நேராக நின்று, நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவ காதைக் காமிச்சிருங்க. பக்கத்துத் தெருவுலதான் இருக்கு." அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கோபம் வரவில்லை, பயம் வரவில்லை. எண்பது போர்டு ஒன்றும் நூற்றிருபது போர்டு ஒன்றும் கொடுங்கள் பாய், ஊஃபர் பெட்டி கட்டுகிறேன் என்றார். அதையும் சத்தமாகத்தான் சொல்லியிருப்பார்.

பாய் சொன்னாரே என்று பக்கத்துத் தெருவுக்கும் போனார். காது பார்க்கிற இடத்தில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. உள்ளே போனதும் அவருக்கு முதலில் தோன்றியது, ஊஃபர் பெட்டிக்குள் இப்படித்தான் ஒட்டவேண்டும், நாம் தறிக்குடோன் கழிவுப் பஞ்சை ஒட்டியிருக்கிறோம், இது இன்னும் நன்றாக இருக்கிறதே என்று. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான், சத்தம் கேட்டால் அழுத்தவேண்டும். முதலில் கீழ்ச்சத்தம் வந்தது, டூ, டூ என்று, அழுத்தினார். இன்னும் கீழே, அழுத்தினார். அதிலெல்லாம் அவர் கில்லாடி. பிறகு ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கிறாளே என்று ஒரு அழுத்து அழுத்தினார். கொஞ்சம் விட்டு இன்னொன்று. வீட்டில் "உம்" போடுகிற மாதிரிதான். அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அங்கிள், கேட்டா மட்டும் அழுத்துங்க" என்றாள். அப்போது முகம் சுட்டது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் ஏதோ சுட்டது, பிறகு அதுவும் அணைந்துவிட்டது. ஒரு காகிதம் கொடுத்தாள். கட்டம் போட்ட தாளில் இரண்டு கோடு, ஒரு காதுக்கு ஒன்று. இரண்டும் கொஞ்ச தூரம் தரையோடு தரையாக நேராகப் போய், பிறகு கிணற்றில் கால் வைத்த மாதிரி விழுந்திருந்தது. அவருக்கு அந்தத் தாளைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஃபில்டர் போர்டு கூட வருகிற தாளிலும் இதே கோடுதான் போட்டிருக்கும். இதுவரை விடும், இதற்கு மேல் விடாது. எத்தனை வருஷத்தறி என்று அந்தப் பெண் கேட்டாள், அவள் உதட்டைப் பார்த்துச் சொன்னார். போனது திரும்பாது, காதில் மெஷின் வைத்தால் பேச்சுப் புரியும், குடோன் பக்கம் இனிப் போகாதீர்கள், அடுத்த தடவை வரும்போது வீட்டில் இருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். சரி என்றார். வீட்டுக்கு வந்தபோது சம்பூரணம் வாசலில் நின்றிருந்தாள், இவர் கையில் காகிதம். சட்டைப்பையில் வைத்தால் அவள் துவைக்கிற சட்டை. பீரோ அவளுடையது. மெத்தைக்கு அடியில் அவள் கூட்டுகிறாள். இந்த வீட்டில் அவள் கை போகாத இடம் என்று பார்த்தால் இந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அவள் உள்ளே போனதும் காகிதத்தை நாலாக மடித்துக் குழாய்க்குள் கையை விட்டுப் பஞ்சுக்குப் பின்னால் செருகிவிட்டார். செருகிவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கொல்லையில், அவள் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இருபது அடி தூரம், ஜன்னல் சாத்தியிருந்தது. ஒரு எழுத்து பிசகாமல் அவருக்குப் புரிந்தது. "செவுத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்குது பாப்பா. ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்றதில்ல. என்ற மூஞ்சியப் பாக்கவே புடிக்கல அவருக்கு. நான் வந்தர்றேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவர் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு போய்க் காகிதத்தைக் காட்டியிருக்கலாம், இருபது அடி நடந்தால் போதும், ஆனால் கால் நகரவில்லை, மரத்துப்போன கால் மாதிரி நெஞ்சு, குத்தினாலும் வலிக்காது.

அயர்ன் சூடாகிவிட்டது, ஈயத்தைத் தொட்டதும் உருகிப் புகைந்தது, அந்த வாசனை மட்டும் அவருக்கு இன்னும் பிடித்திருந்தது. மணி பதினொன்று. இன்னும் நாலரை மணி நேரம். இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தார். சொன்னால் இருப்பாள். இருப்பாளா, பரிதாபத்துக்கு இருப்பாளா. சொல்லாவிட்டால் போவாள், இந்த மனுஷனுக்கு நாம் வேண்டாதவள் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே போவாள், ஓசூரில் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு அதையே நினைப்பாள். அது பொய். அந்தப் பொய்யை உடைக்க ஒரு வாக்கியம் போதும், எனக்குக் காது போய்விட்டது. மூன்று சொல். சோமனூரில் இந்தக் காதுக்கு ஒரு பெயர் இருந்தது. எண்பதா, நூற்றிருபதா. நூற்றிருபதில் ஆம்பளைக் குரல் வந்து மாட்டுகிறது. எண்பதுக்குக் கீழே யாரும் பேசுவதில்லை, ஆணுமில்லை பெண்ணுமில்லை, கேட்கவில்லை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எண்பதே இருக்கட்டும். முடிவு பண்ணியதும் நிம்மதி வரும் என்று பார்த்தார், வரவில்லை, ஆனால் கை வேலை செய்ய ஆரம்பித்தது. எண்பது போர்டில் மூன்று கம்பி உள்ளே, இரண்டு வெளியே, சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு. இன்னும் ஒரு குட்டிப் போர்டு பாக்கி இருந்தது. குழாய் வைத்த பெட்டிக்கு அது கட்டாயம், பாய் நினைவூட்டிக் கொடுத்தது. முப்பதுக்குக் கீழே வருகிறதை வெட்டிவிடும். குழாய்ப் பெட்டியில் ஒரு அளவுக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்துக்கொள்ள உள்ளே காற்று இருக்காது, பிடி விட்டுப்போன கூம்பு முன்னும் பின்னும் கண்டபடி அடிக்கும், ஆனால் காதில் சத்தம் ஒன்றும் விழாது, குழாய் மட்டும் புஸ் புஸ்ஸென்று ஊதும். நாச்சிமுத்து அந்தக் குட்டிப் போர்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். இத்தனை அடித்தும் சத்தம் வராத ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. மூன்று நாளில் வந்த ஒரே ஆசை அது. உள்ளங்கையை வைத்தால் அடிக்கும் அல்லவா, அதையாவது தொட்டுப் பார்க்கலாம். இன்றைக்கு மட்டும் இது இல்லாமல் ஓடட்டும் என்று அதை ஓரமாக வைத்தார். உள்ளே காகிதம் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது, பஞ்சு பிடித்துக்கொள்ளும் என்று அதற்கு அவரே பதில் சொல்லிக்கொண்டார். முப்பது வருஷம் காற்றையும் பஞ்சையும் பார்த்த மனுஷன்.

போட்டார். ஏதோ திருவிழா ஒலிப்பதிவு, பம்பையும் தவிலும், கூட ஒருவன் பாட்டும். முதல் அடியிலேயே தரை அதிர்ந்தது, சம்மணம் போட்ட தொடை வழியாக ஏறி வயிற்றுக்குள் வந்தது, அலமாரிக் கண்ணாடி நடுங்குவதைக் கண்ணால் பார்த்தார். கூம்பின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. கூம்பு விரல் தடிமனுக்கு முன்னும் பின்னும் துள்ளியது, குழாய் வாயிலிருந்து வந்த காற்றில் அவர் முழங்கால் மயிர் அசைந்தது. இவ்வளவு தெளிவாக அவர் ஒன்றையும் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது, அப்படியே கண்ணை மூடிக்கொண்டார், எண்பதுக்குக் கீழே யாரும் பேசாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே நன்றாக இருந்தது. ஓசூர் பஸ் அங்கே வராது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, தோளில் ஒரு கை விழுந்தது. கண்ணைத் திறந்தால் சம்பூரணம், பயணத்துக்குக் கட்டிய நீலச் சேலை, முகம் சுருங்கியிருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், முன்பே சொல்ல ஆரம்பித்திருப்பாள் போல. முகத்துக்கு நேராக இருந்ததால் மீதியைப் பிடித்துக்கொண்டார்.

"...உள்ள என்னமோ படபடங்குதுங்க. பேப்பர் மாட்டிக்கிட்டா அடிக்கற மாதிரி."

"ஒண்ணும் அடிக்கலையே" என்றார்.

"அடிக்குதுங்க. இந்தா, கேக்கல? படபடபடன்னு?"

அவர் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்தார். பம்பை கேட்டது. தவில் கேட்டது. பெட்டியின் பலகை மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வேறு எதுவும் இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள், வளையலை முழங்கைப் பக்கம் தள்ளினாள், குழாய்க்குள் கையை விட்டாள். அவர் தடுக்கவில்லை. தடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பஞ்சுத் துணுக்கோடு கை வெளியே வந்தது, அதில் நாலாக மடித்து, பாதி பிரிந்து, ஓரம் நைந்த காகிதம். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சம்பூரணம் பத்தாவது வரை படித்தவள், காகிதத்தின் தலையில் இருந்த பேரைப் படித்தாள், வயதைப் படித்தாள், இரண்டு கோட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள், விழுகிற இடத்தில் விரல் நின்றது. கீழே அந்தப் பெண் பேனாவில் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே உள்ளங்கையை விரித்துக் கீழே அமுக்கினாள். தறியை நிறுத்து. அவர் கை தானாகப் போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தது.

வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது, குடோன் ஜன்னலில் நின்று பேசுகிற அதே அசைவு. எப்பத்திருந்து?

"தெரியல" என்றார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று பயந்து தணித்துக்கொண்டார். "நீ குடோனுக்கு வர்றத நிறுத்தினதுல இருந்துதான் எனக்குத் தெரியுது. அங்கிருக்கற வரைக்கும் நீ சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அவளுக்கு அது மெல்ல விளங்கியது. விளங்கியதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, தலைப்பு உதட்டை மறைத்துவிட்டது. பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, இந்தத் தடவை குரலோடு, அவருக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"ரெண்டு மாசமா அந்தச் சின்னப் பெட்டி கீச்சு கீச்சுன்னு காதை அறுக்குதுங்க. நானு காதுல ஈரப்பஞ்சை வெச்சுக்கிட்டுச் சமைக்கறேன். என்ற பேச்சைக் கேக்கப் புடிக்காமத்தான் வேணும்னே அப்பிடி வெச்சிருக்கறீங்கன்னு நெனச்சேன்."

அலமாரியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ராத்திரியே ட்வீட்டரைத் திரும்ப மாட்டியிருந்தார், சின்னப் பெட்டிகள் இரண்டும் நல்ல பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. தடையைப் பிடுங்கிப் போட்டது நினைவு வந்தது, குமிழைக் கடைசி வரை திருகியது நினைவு வந்தது. எதிர் வீட்டுக்காரர் ஏன் கொஞ்ச நாளாக முகம் கொடுக்கவில்லை என்பதும் புரிந்தது. அவர் தேடித் தேடி ஏற்றிய அந்தச் சத்தம் அத்தனையும் போய் இவள் காதில் விழுந்திருக்கிறது, ஒரு நாளில்லை, இரண்டு மாசம், இவள் அதைத் திட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டு சோறு பொங்கிப் போட்டிருக்கிறாள். நெஞ்சில் எங்கோ ஒரு இடத்தில் சுருக்கென்றது. மரத்த கால் திரும்பி வரும்போது முதலில் அப்படித்தான் குத்தும். வலித்தது. வலிக்கிறதே என்று அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"எனக்கு அது வரவே இல்ல சம்பூரணம்" என்றார். "ட்வீட்டர் செத்துப்போச்சுன்னு பாய்கிட்டச் சண்டைக்குப் போனேன்."

அவள் எழுந்து போய் ட்ரெபிள் குமிழில் கையை வைத்தாள். பாட்டைப் போடச் சொல்லிச் சாடை காட்டினாள். போட்டார். குமிழைக் கொஞ்சம் இறக்கினாள், நின்றாள், இன்னும் கொஞ்சம் இறக்கினாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், திரும்ப ஒரு நூல் ஏற்றினாள். நாச்சிமுத்துவுக்கு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே பாட்டுதான், கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் அவள் புருவத்துக்கு நடுவில் இரண்டு மாசமாக விழுந்து கிடந்த கோடு, அதைக் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், குமிழ் இறங்க இறங்க அது இளகி, ஒரு இடத்தில் இல்லாமல் போனது. அந்த இடத்தில் அவள் கையை எடுத்தாள். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு போய் அங்கே ஒரு கோடு போட்டார்.

"பாடறவன் கொரல்ல என்னமோ கொறையுதுங்களே" என்றாள், பெரிய பெட்டியைக் காட்டி. "கழுத்துக்குக் கீழ ஒடம்பே இல்லாத மாதிரி இருக்குது."

"எண்பதுல வெட்டினா அப்பிடித்தான். பள்ளம் விழும். நூத்தியிருபது போட்டுப் பாக்கோணும்."

"போடுங்க. கேட்டுச் சொல்றேன்."

அவர் மறுபடி உட்கார்ந்து அயர்னைக் கையில் எடுத்தார். எண்பது போர்டின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், குட்டிப் போர்டையும் சேர்க்க வேண்டும், ஒரு மணி நேர வேலை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நிலைக்கதவு ஓரம் பை அப்படியே நின்றது, அதன் மேல் குடை. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் வருகிற பதிலை நேராகப் பார்க்கவேண்டியிருக்கும். நிமிர்ந்தபோது அவள் அறையில் இல்லை. கொல்லையில், துணிக்கொடிக்குப் பக்கத்தில், போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தோள் அசைந்தது, கை அசைந்தது, மகளோடு ஏதோ பேசுகிறாள், என்ன என்று தெரியவில்லை. ஈயம் உருகி விரலுக்குப் பக்கத்தில் சொட்டியது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றாள், ஏதோ நினைவு வந்தவள் போல அப்படியே திரும்பினாள், ஜன்னலுக்கு நேராக வந்து நின்று, அவரைப் பார்த்தபடி மீதியைப் பேசினாள்.

"இன்னைக்கு வரல கண்ணு. உங்கப்பன் பெட்டி இன்னும் சரியாகல. நான் கூட இருந்து கேட்டுச் சொல்லோணும்."